மார்க் குறைவு, ஆனால் கைவேலை பிடிக்கும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

பத்தாவது, பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) ஒர்க்‌ஷாப்பில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். முதல் மார்க் எடுப்பவர்களுக்கு யோசனை சொல்ல ஊரில் ஆள் நிறைய. பாதி மார்க்கில் நிற்பவர்களோடுதான் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

பத்தாவதில் 500-க்கு 262. அறிவியல் பிடிக்கும், ஆனால் அறிவியலிலேயே 51 தான். கைத்தொழில் படிப்புப் பக்கம் வரலாமா?

தாராளமாக வரலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. அந்த இருபத்தைந்தையும் பல பள்ளிகளில் எல்லோருக்கும் கிட்டத்தட்ட முழுசாகப் போட்டுவிடுகிறார்கள். ஆகவே உங்கள் கை எப்படிப்பட்டது என்று மார்க் ஷீட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

அதற்காக மார்க் குறைந்தவர்களுக்கெல்லாம் கைத்திறன் தானாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "இவனுக்குப் படிப்பு ஏறலை சார், மெக்கானிக்கா ஆக்கி விட்டுடுங்க" என்று பெற்றோர் சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். கவனம் இல்லாதவன் வகுப்பில் உட்கார்ந்தால் மார்க் போகும். கடைசல் மெஷினான லேத்தில் நின்றால் விரல் போகும்.

எனக்குக் கைவேலை ஒத்துவருமா என்று சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, செலவும் இல்லை. நம் பக்கம் போர்வெல் இல்லாத ஊர் அபூர்வம். அதனால் மோட்டார் வைண்டிங் கடை இல்லாத டவுனும் அபூர்வம். பாலக்கோட்டிலோ காரிமங்கலத்திலோ ஊத்தங்கரையிலோ தெரிந்தவர் கடையில் அனுமதி கேட்டு, லீவில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். எதையும் தொட வேண்டாம்.

மோட்டாருக்குள் கருகிப்போன காயிலை (கம்பிச் சுருளை) வெட்டி எடுப்பதற்கு முன்னால் அந்த அண்ணன் ஒரு பழைய நோட்டை எடுப்பார். எத்தனை ஸ்லாட் (கம்பி உட்காரும் பள்ளம்), ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் (தடிமன்), எந்த ஸ்லாட்டில் இறங்கி எந்த ஸ்லாட்டில் ஏறுகிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். இதைக் குறிக்காமல் வெட்டிவிட்டால் பிறகு எதை வைத்துச் சுற்றுவது? சுற்று குறைந்தாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும். ஆனால் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். கொஞ்ச நாளில் அதே விவசாயி அதே மோட்டாரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்பார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது "மூணு ஃபேஸுக்கும் ஏண்ணா ஒரே எண்ணிக்கையில சுத்து?" என்று வாய் தானாகக் கேட்டால் நீங்கள் எங்கள் ஆள். இரண்டாம் நாளே போனை எடுத்து ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்துவிட்டால் அதுவும் நல்லதுதான், பிடிக்காத படிப்பில் இரண்டு வருஷம் வீணாகாமல் தப்பித்தீர்கள்.

ஐடிஐ, பாலிடெக்னிக், பிளஸ் டூ: இந்த மூன்றில் எது?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். பெரும்பாலோர் இதைக் கௌரவக் கேள்வியாகப் பார்க்கிறார்கள். நான் வருஷக் கணக்காகத்தான் பார்ப்பேன். ஒரு தாளை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.

பிளஸ் டூ இரண்டு வருஷம், பி.இ. நான்கு வருஷம். ஆக பத்தாவதிலிருந்து ஆறு வருஷம். பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று வருஷம், முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு, அங்கே மூன்று வருஷம். இதுவும் ஆறுதான். ஐடிஐயில் இரண்டு வருஷ டிரேடு (தொழிற்பிரிவு) முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு, அங்கே இரண்டு வருஷம், பிறகு பி.இ. மூன்று வருஷம். மொத்தம் ஏழு. ஐடிஐ வழியாகப் போனாலும் இன்ஜினியர் ஆவதற்கு ஒரே ஒரு வருஷம்தான் கூடுகிறது. வழியில் எங்கே நின்றாலும் கையில் வேலைக்கு ஆகிற சான்றிதழ் ஒன்று இருக்கும். பிளஸ் டூவில் நின்றவருக்கு அது கிடையாது.

அதனால் எந்த வழியாக இருந்தாலும், அடுத்த படி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான், மற்றதெல்லாம் அப்புறம்.

260, 280 மார்க் உள்ளவருக்கு என் யோசனை: பாடத்தை உட்கார்ந்து எழுத முடியும், கணக்கைக் கண்டு ஓட்டம் இல்லை என்றால் அரசு பாலிடெக்னிக். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது, கட்டணமும் குறைவு. எழுத்து வேலை சுத்தமாக ஆகாது, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால் அரசு ஐடிஐ. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, புத்தகம், சைக்கிள் எல்லாம் உண்டு. ஐடிஐ முடித்தவர் தமிழ், ஆங்கிலத் தாள்களை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையாகக் கருதும் ஏற்பாடும் தமிழ்நாட்டில் இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

எந்த டிரேடு எடுப்பது? இப்போது இவி (மின்சார வண்டி), ரோபோ என்று புதுப்பெயர் நிறைய வருகிறதே?

பெயர் புதுசு என்பதற்காக ஓடாதீர்கள். ஃபிட்டர் (பாகங்களைப் பொருத்துபவர்), எலக்ட்ரீஷியன், டர்னர் (லேத்தில் கடைபவர்), மெஷினிஸ்ட் (மற்ற மெஷின்களில் உலோகம் வெட்டுபவர்) ஆகிய பழைய இரண்டு வருஷ டிரேடுகள் இன்னும் செல்லும் காசுதான். ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற பெரிய பெயர்கள்தான் வெளியே தெரியும். அவர்களுக்கு உதிரிபாகமும் ஜிக்கும் ஃபிக்சரும் (வேலைத் துண்டைப் பிடித்துவைக்கும் சாதனங்கள்) டையும் (அச்சு) செய்துகொடுக்கிற சின்ன ஷெட்டுகள் சிப்காட், சிட்கோ தொழிற்பேட்டைச் சந்துகளில் வரிசையாக இருக்கின்றன. வேலையைக் கற்றுக்கொள்ள அந்த ஷெட்டுகளே நல்ல இடம் என்பது என் கருத்து. பெரிய ஆலையில் ஒரே ஸ்டேஷனில் ஒரே போல்ட்டைத் திருகிக்கொண்டிருப்பீர்கள். சின்ன ஷெட்டில் காலையில் டிராயிங் பார்ப்பீர்கள், மதியம் மில்லிங்கில் நிற்பீர்கள், சாயங்காலம் அளந்து பார்த்து, ரிஜெக்ட் ஆனதற்குத் திட்டும் வாங்குவீர்கள்.

கருவியும் அச்சும் செய்கிற டூல் அண்ட் டை பக்கம் போனால் வளர்ச்சி மெதுவாக இருக்கும், ஆனால் வயது ஏற ஏற மதிப்பும் ஏறும். பிளாஸ்டிக் அச்சு பிடிக்கும் என்றால் சென்னை கிண்டியில் மத்திய அரசின் சிபெட் நிறுவனத்தில் பத்தாவது முடித்தவர்களுக்கு மூன்று வருஷ டிப்ளமோ இருக்கிறது.

புதுசு வேண்டவே வேண்டும் என்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தொழில் 4.0 தரத்துக்கு மாற்றி, ரோபோ, சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு மெஷின்) எல்லாம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் சேரும் ஐடிஐ அந்தப் பட்டியலில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெல்டிங் ஒரு வருஷம்தான். வெயிலும் புகையும் தாங்கினால் நல்ல வருமானம் உண்டு, கண்ணாடி போடாமல் மட்டும் நிற்காதீர்கள்.

கணக்கு எனக்கு எமன். கணக்கு இல்லாத டிரேடு எது?

அப்படி ஒன்று இல்லை. ஆனால் இங்கே வரும் கணக்கு எப்படிப்பட்டது என்று பார்த்தால் பயம் பாதி குறையும்.

ஒரு ஷாஃப்டை (உருளைத் தண்டை) லேத்தில் கடைகிறீர்கள். டிராயிங்கில் விட்டம் 24.98-லிருந்து 25.00 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மைக்ரோமீட்டரில் (திருகு அளவியில்) பிடித்துப் பார்க்கிறீர்கள். ஸ்லீவில் (அசையாத அளவுகோலில்) தெரிவது 24.5, திம்பிளில் (சுழலும் அளவுகோலில்) 48-ஆவது கோடு. ஒரு கோடு 0.01 மி.மீ. என்பதால் 24.5 கூட்டல் 0.48, ஆக 24.98. பாஸ். இன்னும் இரண்டு கோடு கீழே போயிருந்தால் அந்தத் துண்டு இரும்புக் குப்பைக்குத்தான். இது ஐந்தாம் வகுப்பு தசமக் கணக்கு. அவசரப்படாமல் செய்தால் போதும்.

கொஞ்சம் மேலே போனால் டேப்பர், அதாவது ஒரு முனை சிறுத்துப்போகும் சரிவு. 50 மி.மீ. நீளத்தில் விட்டம் 40-லிருந்து 30-க்கு இறங்க வேண்டும். லேத்தில் வெட்டும் கருவியைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடை எத்தனை டிகிரி திருப்புவது? வித்தியாசம் 10, அதை நீளத்தின் இரு மடங்கான 100-ஆல் வகுத்தால் 0.1. டேன் மதிப்பு 0.1 வருகிற கோணம் சுமார் 5.7 டிகிரி. பத்தாம் வகுப்பில் சைன், காஸ், டேன் என்று மனப்பாடம் பண்ணி, எதற்கு என்றே தெரியாமல் வெறுத்தீர்களே, அதேதான். திருப்பி வைத்து வெட்டியதும் கோணம் கண்ணெதிரே இரும்பில் நிற்கும். கணக்கில் ஃபெயில் ஆகிவந்த பையன்கள் இந்த இடத்தில் சட்டென்று பிடித்துக்கொள்வதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன்.

டிப்ளமோ எடுத்தால் கால்குலஸ் வரும். முதல் வருஷ கணக்குத் தாளில் அரியர் வைத்து, அதை இழுத்துக்கொண்டே போவதுதான் பாலிடெக்னிக் பையன்களின் பெரிய வியாதி. முதல் செமஸ்டரிலேயே டியூஷனோ, சீனியரோ, யாரையாவது பிடியுங்கள்.

பிளஸ் டூ சயின்ஸ் குரூப், 600-க்கு 330. டாக்டர் ஆசை இல்லை. லேப் வேலை பிடிக்கும். என்ன வழி?

அரசு மருத்துவக் கல்லூரிகளில் மெடிக்கல் லேப் டெக்னாலஜி டிப்ளமோ இரண்டு வருஷம். ரேடியாலஜி (எக்ஸ்ரே), டயாலிசிஸ் போன்ற துணை மருத்துவப் படிப்புகளும் உண்டு. அரசு இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். பி.எஸ்சி. வேதியியல், நுண்ணுயிரியல் எடுப்பதும் சரிதான். ஆனால் மூன்று வருஷமும் ரெக்கார்ட் நோட்டைக் காப்பியடித்துவிட்டு வெளியே வந்தால் லேபில் வேலை கிடைக்காது.

இந்த மாவட்டங்களுக்கே உரிய இரண்டு லேப் வேலைகளைச் சொல்கிறேன். ஒன்று, மாங்கூழ். கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் சீசனில் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும். கூழில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு, மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு ஒரு எண்ணில் நிற்கும். அதுதான் பிரிக்ஸ், கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு. பெங்களூராவில் பொதுவாக 14-க்குக் குறையக் கூடாது என்பார்கள். அப்புறம் அமிலத்தன்மை, பிஎச், பூஞ்சைச் சோதனை. அந்த எண் சரியில்லை என்றால் ஏற்றுமதிக்குப் போக வேண்டிய லோடே நின்றுபோகும். பொறுப்பு பெரிது. சீசன் முடிந்தால் ஆள் குறைப்பார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அங்கே கற்றது பால், மசாலா, பிஸ்கட் என்று எந்த உணவுத் தொழிற்சாலையிலும் செல்லும்.

இன்னொன்று, தண்ணீர். தருமபுரிக்காரர்களுக்கு நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடு உப்பு பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பல் காவியாகிப்போன முகங்களுக்கு நடுவில் வளர்ந்தோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே அதற்காகத்தான். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர் ஒரு லேப் டெக்னீஷியன். அரசுப் பணியிடம் கொஞ்சம்தான். தனியார் பரிசோதனைக்கூடங்களும் ஆலைகளின் சுத்திகரிப்பு நிலையங்களும் கூடுதலாக ஆள் எடுக்கின்றன.

பிளஸ் டூ முடித்ததும் நேராகக் கம்பெனி பஸ் ஏறிவிட்டால் என்ன? நண்பர்கள் எல்லாம் மாதம் பதினைந்தாயிரம் வாங்குகிறார்களே.

வீட்டில் அடுப்பெரிய அந்தப் பணம் வேண்டும் என்றால் போங்கள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் சேரும்போது ஒன்றைக் கேளுங்கள்: என் பெயர் யாருடைய ரோலில் (பணியாளர் பட்டியலில்) இருக்கும்? கான்ட்ராக்டரின் ரோல் என்றால், ஆர்டர் குறைந்த மாதம் முதலில் நிற்கப்போவது நீங்கள். பத்தொன்பது வயதில் வாங்கிய சம்பளத்தையே இருபத்தாறிலும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு ஐடிஐ வாசலுக்கு வருகிறவர்கள் உண்டு. வரட்டும், கதவு திறந்துதான் இருக்கிறது. ஐடிஐயில் ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. ஆனால் அதற்குள் கல்யாணம், கடன் என்று கால் கட்டப்பட்டிருக்கும்.

அப்ரண்டிஸ் (கம்பெனியில் உதவித்தொகையோடு தொழில் பழகுபவர்) என்றால் கூலி குறைத்து வேலை வாங்குவதுதானே?

சில இடங்களில் அப்படி நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். டீ வாங்கி வரவும் பெருக்கவும் விடும் இடமும் உண்டு. ஆனாலும் ஐடிஐ முடித்தவருக்கு நான் சொல்வது, முதல் வேலை அப்ரண்டிஸாகவே இருக்கட்டும். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவான ஒப்பந்தமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். 2019-ல் திருத்திய விதியில் குறைந்தபட்ச உதவித்தொகை ஐடிஐ முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய். அதற்கும் கீழே யாராவது பேசினால் எழுந்து வந்துவிடலாம். முடிவில் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வரும். அதன் மதிப்பு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது புரியும்.

அரசு வேலைக்கு இந்தச் சான்றிதழ் போதுமா?

ரயில்வேயில் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன். இஸ்ரோவில் டெக்னீஷியன் பி. மின்வாரியத்தில் கள உதவியாளர்: எல்லாம் பத்தாவதோடு ஐடிஐ முடித்தவர்கள் கண் வைக்கும் பணிகள். ராக்கெட் பாகத்தை மெஷினில் கடைகிறவரும் ஐடிஐ படித்தவர்தான் என்று சொன்னால் பையன்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். டிஎன்பிஎஸ்சியும் டிப்ளமோ, ஐடிஐ தரத்தில் தொழில்நுட்பத் தேர்வு நடத்துகிறது. போட்டி கடுமை. வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். நாலு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படித்தால் கை மறந்துபோகும்.

என் மகளுக்கு மெஷின் பக்கம்தான் ஆசை. ஒர்க்‌ஷாப்புக்குப் பெண்ணை அனுப்பலாமா?

அனுப்புங்கம்மா. போச்சம்பள்ளி ஓலா ஆலையிலும் ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸிலும் பெண்களைத்தான் பெருமளவில் எடுத்தார்கள். ஆனால் வெறும் அசெம்பிளி வேலைக்கு அனுப்பாமல், முதலில் டிரேடு படிக்க வைத்து அனுப்புங்கள். அசெம்பிளி லைனில் சேர்கிறவரும் மெயின்டனன்ஸில் சேர்கிறவரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு நிற்கும் இடம் வேறாக இருக்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண் ஐடிஐ, டிப்ளமோ எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். ஹாஸ்டல், நைட் ஷிஃப்ட், பஸ் எந்த இடம் வரை வரும் என்பதையெல்லாம் நேரில் போய்க் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அப்பா பி.இ. படித்தே ஆக வேண்டும் என்கிறார்.

அப்பாவிடம் மேலே சொன்ன வருஷக் கணக்கைக் காட்டுங்கள். டிப்ளமோ வழியாகப் போனாலும் அதே பி.இ., அதே ஆறு வருஷம். பிளஸ் டூ முடித்துவிட்டீர்கள், ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான் என்றால், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே கட்டும். பர்கூரிலும் செட்டிக்கரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கட்-ஆஃப் எட்டுமா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் கடன் வாங்கி ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்து இருபது அரியரோடு நிற்பதைவிட, பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேருவது எவ்வளவோ மேல்.

ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடமே சரியாகப் போகவில்லையாமே?

உண்மைதான். கோவையில் 1937-ல் மின் மோட்டார் தயாரிப்பில் பங்கெடுத்தவர், முகம் மழிக்கும் மின்சார ரேசர் செய்தவர். ஆனால் அவர் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே இன்ஜினைக் கற்றவர். வாழ்நாள் முழுக்கப் படித்தவர். 1945-ல் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தொடங்க முன்னின்றவரும் அவரே. அவர் பெயரைச் சொல்லி வகுப்பைக் கட் அடிக்க வழியில்லை.

ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, ஒரு வருஷ கோர்ஸ், நூறு சதவீத வேலை என்கிறார்.

வேண்டாம். ஐடிஐ என்றால் மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககம் (டிஜிடி) தரும் அங்கீகாரம் அந்த டிரேடுக்கு உண்டா, டிப்ளமோ என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அசல் டி.சி.யை முதலில் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பத்தாவதிலேயே ஒரு பாடம் போய்விட்டது. முடிந்ததா கதை?

துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வரும், முதலில் அதை எழுதுங்கள். அதுவும் போனால் வெல்டர், ஒயர்மேன் போன்ற டிரேடுகளில் எட்டாவது தேர்ச்சியே போதும். ஒயர்மேன் முடித்து, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழும் வாங்கிவிட்டால் ஒயரிங் வேலைக்குப் போகலாம். பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதி எப்படியாவது முடித்துவிடுங்கள். அது இல்லாமல் அடுத்த படிகள் நிறைய அடைபடும்.

இங்கிலீஷ் சுத்தமாக வராது. ஓசூரில் தாக்குப்பிடிக்க முடியுமா?

ஓசூர் ஷாப் ஃப்ளோரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்தே ஓடும். இப்போது இந்தியும் சேர்ந்துகொண்டது. பேச்சுக்குப் பஞ்சமில்லை. டிராயிங் படிக்கவும் இங்கிலீஷ் அதிகம் வேண்டாம், கோடும் குறியும் தெரிந்தால் போதும். சிக்கல் வருவது சிஎன்சி திரையில் அலாரம் அடிக்கும்போதுதான். அப்போது சூப்பர்வைசரைத் தேடி ஓடாமல், அலாரம் எண்ணையும் அந்த ஆங்கில வரியையும் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மானுவலில் தேடி, என்ன செய்ததும் அது நின்றது என்பதைப் பக்கத்திலேயே தமிழில் குறித்து வையுங்கள். ஒரு வருஷத்தில் அந்த நோட்டைக் கேட்டு ஷிஃப்ட் இன்சார்ஜே உங்களிடம் வருவார்.